மூணு பிள்ளைகள், ஒரே பாத்ரூம்! இடம் எங்கே ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

கொசஸ்தலை ஆறு 136 கிலோமீட்டர் ஓடிவந்து எண்ணூரில் கடலோடு கலக்கும் இடம் எது, தெரியுமா? முகத்துவாரக்குப்பம்! ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் வங்கக் கடல், எதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி! கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி! ஆனால் வீட்டுக்குள் போய் பாத்ரூம் கதவைத் திறந்தால்? ஒரு ஆள் திரும்பி நிற்க இடமில்லை! அதற்குள் மூணு பிள்ளைகளின் பிரஷ், பேஸ்ட், சோப்பு, துண்டு, கழற்றிப் போட்ட யூனிஃபார்ம், சக்கரம் போன பொம்மை லாரி! "எம்மா, என் பிரஷ்ஷை யாரு எடுத்தா?" என்று தினமும் காலையில் ஒரு கடற்போர்!

கடையில் ரேக் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்! வேண்டியதெல்லாம் கரையிலேயே கிடக்கிறது!

உங்கள் பாத்ரூம் எவ்வளவு பெரியது, தெரியுமா?

சிரிக்காதீர்கள்! குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகளில் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 1.8 சதுர மீட்டர்தான்! அதாவது சுமார் 19 சதுர அடி! ஒரு ஒற்றைக் கட்டிலை விரித்தால் தரை முடிந்தது!

இப்போது சுவரை அளந்து பாருங்கள்! அதே அறையில் தரையிலிருந்து 7 அடி உயரம்வரை நான்கு சுவர்களையும் கணக்குப் போட்டு, கதவைக் கழித்தால் என்ன வரும்? 110 சதுர அடிக்கு மேல்! தரையைப்போல ஐந்தரை மடங்கு இடம் செங்குத்தாக நின்றுகொண்டிருக்கிறது! நாமோ பொருள்களை எல்லாம் தரையில் வைத்துவிட்டு 'இடமில்லை' என்று புலம்புகிறோம்!

தண்ணீர் டிரம் எவ்வளவு இடத்தை விழுங்குகிறது, தெரியுமா?

வட சென்னையில் நீல டிரம் இல்லாத பாத்ரூம் உண்டா? 200 லிட்டர் டிரம்மின் குறுக்களவு 58 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 1.8 சதுர மீட்டர் அறையில் அது ஒன்றே ஏழில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது! நிறைந்து நின்றால் எடை 200 கிலோவுக்கு மேல்! டிரம்மை வாசலுக்கு வெளியே நகர்த்தி, உள்ளே ஒரு வாளி மட்டும் வைத்துப் பாருங்கள். செலவே இல்லாமல் அறை பெரிதாகிவிடும்! வெளியே வைத்தால் இறுக்கமான மூடி கட்டாயம். கொசுவுக்கு அழைப்பிதழ் அனுப்ப வேண்டாம்!

பல் துலக்கும் பிரஷ்ஷும் மீன்பிடி வலையும் கூடப்பிறந்தவை, தெரியுமா?

நம்ப முடியவில்லையா? 1935-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. அதிலிருந்து கடைக்கு வந்த முதல் பொருள் எது? சேலையா? காலுறையா? இல்லை! 1938-ல் வந்த பல் துலக்கும் பிரஷ்! அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான வருடங்கள் மனிதர்கள் எதை வைத்துப் பல் துலக்கினார்கள், தெரியுமா? பன்றி முடி பிரஷ்! நம்மவர்கள் வேப்பங்குச்சியோடு நின்றது எவ்வளவு புத்திசாலித்தனம்!

பிரஷ் வந்த பிறகு அதே நைலான் காலுறையானது, பாராசூட்டானது, கடைசியில் பருத்தி நூல் வலைகளை ஓரங்கட்டிவிட்டுக் கடலுக்குள்ளும் இறங்கியது! ஆக, உங்கள் பிள்ளையின் பிரஷ்ஷைப் பழைய வலைத்துண்டில் தொங்கவிட்டால், பிரிந்துபோன சொந்தங்களைச் சேர்த்துவைத்த புண்ணியம் உங்களுக்கு!

கிழிந்த வலையில் எத்தனை அலமாரி இருக்கிறது, தெரியுமா?

பருத்தி வலை நனைந்தால் மட்கும். நைலான் வலை மட்காது! கடலிலேயே பல வருடம் கிடந்தும் கரையாமல் மீன்களையும் ஆமைகளையும் சிக்கவைக்கிறது என்பதுதான் உலகத்துக்கே பெரிய தலைவலி. அந்தக் குறையே பாத்ரூமில் குணமாகிவிடுகிறது!

மூணு முழம் நீளத்துக்கு வலையை வெட்டுங்கள். கீழ்ப்பாதியை மேலே மடித்து இரண்டு ஓரத்தையும் வலை ஊசியால் பின்னுங்கள். நடுவில் இரண்டு கோடு போட்டுப் பின்னினால் மூணு பை! ஆளுக்கொரு பை! மேலே ஒரு பைப் துண்டைக் கோத்து இரண்டு கொக்கியில் மாட்டினால் வேலை முடிந்தது! தண்ணீர் தங்காது, காற்று புகும், உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்! பொம்மை, சோப்பு டப்பா, பீர்க்கை நார் எதைப் போட்டாலும் தாங்கும். வலைக்கண் சிறிதாக இருக்கட்டும். பெரிய கண் வலையில் பேஸ்ட் டியூபே நழுவி ஓடிவிடும்!

ஆனால் ஒன்று, தெரியுமா? வலையின் அடியில் கோத்திருக்கும் ஈயக் குண்டுகளை ஒன்று விடாமல் அறுத்து எடுத்துவிடுங்கள்! குழந்தைகளின் உடலில் ஈயம் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழியில் எண்ணெய் கலந்ததே, நினைவிருக்கிறதா? படகும் வலையும் கறுத்துப்போயின. அப்படி எண்ணெய் ஏறிய வலை எவ்வளவு சோப்பு போட்டாலும் பிள்ளைகள் பக்கம் வரவே கூடாது!

மேலே கட்டியிருக்கும் மிதவைகளை மட்டும் தூக்கி எறியாதீர்கள்! சிவப்பு மிதவை அக்காவுக்கு, மஞ்சள் தம்பிக்கு, நீலம் குட்டிப்பாப்பாவுக்கு! எழுத்து தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும்! பெயர் ஒட்டும் ஸ்டிக்கர் எதற்கு?

பிவிசி பைப்பில் பாதிக்கு மேல் உப்பு சமாச்சாரம், தெரியுமா?

ஆமாம்! பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின்! அந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது? சாதாரண உப்பிலிருந்து! கடல்நீரைக் காயவைத்து எடுக்கிறார்களே, அதே உப்பு! எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய்தான் பிறகு பக்கிங்காம் கால்வாயாக நீண்டது. உப்பும் விறகும் அதில் படகேறிப் பட்டணம் போன காலம் ஒன்று உண்டு! இன்று அதே உப்பின் சொந்தக்காரன் பைப்பாக உருமாறி உங்கள் பாத்ரூம் சுவரில் நிற்கிறான்!

இன்னொரு கூத்து! 1872-ல் ஜெர்மனியில் ஆய்கன் பௌமான் இதை முதலில் கண்டதே தற்செயல்! வெயில் பட்ட குடுவைக்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை! 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் அதை வளைந்துகொடுக்கும்படி மாற்றிய பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது!

சரி, பிளம்பர் விட்டுப்போன 4 அங்குல பைப் துண்டு மாடியில் கிடக்கிறதா? ஹேக்ஸா பிளேடால் ஒரு சாண் நீளத்துக்கு அறுங்கள். அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். குழந்தை விரலைக் கிழிக்கும் கூர்மை அதில் உண்டு! மூணு துண்டை முக்கோணமாக அடுக்கி, தொடும் இடங்களில் பைப் பசை தடவினால் தேன்கூடு தயார்! சுருட்டிய துண்டு ஒன்றில், ஷாம்பு ஒன்றில், சீப்பு ஒன்றில்! லேசாக முன்பக்கம் சாய்த்து மாட்டுங்கள், தண்ணீர் தானே வடியும். முக்கால் அங்குல பைப்பைக் குறுக்கே பொருத்தினால் துண்டு காயப்போடும் கம்பி! துருப்பிடிக்கவே பிடிக்காது!

துரு பிடித்தால் இரும்பு வீங்கும், தெரியுமா?

கடலோரத்தில் கொக்கி மாட்டியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும்! இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு 2 மடங்கிலிருந்து 6 மடங்குவரை பெருகும்! அந்த வீக்கம்தான் சுவரைப் பிளந்து காரையை உதிர்க்கிறது! உப்புக்காற்றிலுள்ள குளோரைடு இதற்கு எரிகிற நெருப்பில் எண்ணெய்!

அப்படியானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதை உருக்கினார். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால்தான் அந்தப் பெயர்! நம் சேலம் உருக்காலையில் 1981-ல் அதன் உற்பத்தி தொடங்கியது. ஆனால் வழக்கமான 304 ரகத்தையே கடற்காற்று புள்ளி புள்ளியாகத் தின்றுவிடும், தெரியுமா? 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் தாக்குப்பிடிக்கும்! விலையும் கூடுதல்! இரண்டு கொக்கிக்காக அந்தக் காசைக் கொட்டுவதைவிட நைலான் கயிறும் பிளாஸ்டிக் கொக்கியும் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ஆணியே இல்லாமல் கடலைத் தாண்டியவர்கள் யார், தெரியுமா?

கட்டுமரக்காரர்கள்! மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். ஆணி கிடையாது! அலை அடித்தால் மரங்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் அசைந்துகொடுக்கும். உள்ளே வந்த தண்ணீர் இடுக்குகளில் இறங்கிப் போய்விடும். அதனால்தான் அது மூழ்குவதில்லை!

அதையே சுவரில் செய்யலாமே! மூணு பலகைத் துண்டு, நான்கு மூலையிலும் ஓட்டை, ஓட்டைக்குள் நைலான் கயிறு, ஒவ்வொரு பலகைக்கும் கீழே ஒரு முடிச்சு! மேலே ஒரே கொக்கி! ஓர் அலமாரி முழுக்க ஆணியில்லாமல் தொங்கும்! ஒரே பலகையாகப் போடாமல் இடைவெளி விட்ட ரீப்பராகப் போட்டால் கட்டுமரம்போலத் தண்ணீர் தங்காது. நைலான் முடிச்சு வழுக்கும் என்பதால் நுனியைத் தீக்குச்சியில் லேசாக உருக்கிவிடுங்கள். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்!

இது புதுசா? கிடையவே கிடையாது! நம் பாட்டிமார் அடுக்களையில் மோர்ப்பானையும் வெண்ணெய்ச் சட்டியும் தொங்கிய உறி இதேதானே! எறும்பு ஏறாது, பூனை எட்டாது! கிருஷ்ண ஜெயந்தி உறியடியில் பானையை உடைக்கக் குதிக்கிறோம். வீட்டில் உறி கட்டத்தான் மறந்துவிட்டோம்!

காற்று உங்கள் சுவரை எவ்வளவு பலமாக அழுத்துகிறது, தெரியுமா?

ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1 கிலோ! 6 சென்டிமீட்டர் அகலமுள்ள ரப்பர் உறிஞ்சுக் கொக்கியைச் சுவரில் அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றினால், கணக்குப்படி சுமார் 28 கிலோ விசை அதைச் சுவரோடு பிடித்துவைக்கும்! ஒட்டுவது பசையே இல்லை, வெளியே இருக்கும் காற்று! 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஓட்டோ ஃபான் கெரிக்கே இரண்டு உலோக அரைக்கோளங்களைச் சேர்த்துவைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். இரண்டு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை!

பின் ஏன் உங்கள் வீட்டுக் கொக்கி நடுராத்திரியில் 'டப்' என்று விழுகிறது? சுவர் வழுவழுப்பாக இல்லை! சிமென்ட் பூச்சில் ஆயிரம் நுண்துளை. காற்று மெல்ல உள்ளே நுழைந்துவிடும். டைல்ஸ் நடுவில் மட்டும்தான் பிடிக்கும், இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் பிடிக்காது. விளிம்பை ஈரமாக்கி அழுத்துங்கள், பலன் உடனே தெரியும்!

இதே வித்தையைத் தலையிலேயே வைத்திருக்கும் மீன் உண்டு, தெரியுமா? சுறாவின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓசியில் ஊர் சுற்றுமே, அதேதான்! அதன் முதுகுத் துடுப்புதான் தலைக்கு நகர்ந்து உறிஞ்சுத் தட்டாக மாறியிருக்கிறது! உலகின் சில கடலோரங்களில் இந்த மீனின் வாலில் கயிறு கட்டிக் கடலில் விட்டு, அது போய் ஒட்டிக்கொண்ட ஆமையை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள்!

பாத்ரூம் பல்லி ஏன் விழுவதில்லை, தெரியுமா?

டோக்கே என்ற பெரிய பல்லியினத்தின் ஒரு காலில் மட்டும் சுமார் 5 லட்சம் நுண்முடிகள்! ஒவ்வொரு முடியின் நுனியும் மறுபடி நூற்றுக்கணக்காகப் பிரிகிறது! மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய ஈர்ப்பே அதைச் சுவரில் நிறுத்துகிறது. பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை! ஆனால் கண்ணாடியையும் காலையும் நன்றாக நனைத்துவிட்டால் அந்த டோக்கேவுக்கே பிடி தளர்ந்துவிடுகிறது! பல்லிக்கே இந்தக் கதி என்றால் கடையில் வாங்கிய இருபக்க டேப்புக்கு எம்மாத்திரம்? சுவரைத் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு ஒட்டுங்கள்!

ஈரத்திலேயே ஒட்டுகிற கில்லாடி யார், தெரியுமா? எண்ணூர்ப் பாறைகளிலும் படகுத்துறைத் தூண்களிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பச்சைச் சிப்பி! அலை அறைந்துகொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் நூல் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்கிறது! அதன் புரதப் பசையைப் பார்த்து, அறுவை சிகிச்சைக்கு உதவும் பசை செய்ய விஞ்ஞானிகள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்!

சுவர் பிளக்கை முதலில் எதில் செய்தார்கள், தெரியுமா?

சணலிலும் விலங்கு ரத்தப் பசையிலும்! பயந்துவிட்டீர்களா? 1911 வாக்கில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைக் கெடுக்காமல் மின் சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. ஜான் ஜோசஃப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்ததாரர் கண்டுபிடித்த வழிதான் இன்று ஹார்டுவேர் கடையில் நாம் கேட்டு வாங்கும் ராவல் பிளக்! இப்போது அது பிளாஸ்டிக். டைல்ஸில் துளையிடும்போது புள்ளி வைத்த இடத்தில் காகித டேப்பை ஒட்டி, டிரில்லின் சுத்தியல் பொத்தானை அணைத்துவிட்டு மெதுவாகப் போடுங்கள். டைல்ஸ் வெடிக்காது! துளை போடுமுன் உள்ளே பைப்லைன் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாத்ரூமுக்குள்ளேயே ஒரு முகத்துவாரம் திறந்துகொள்ளும்!

58 பெட்டிகள் உலகத்தையே மாற்றின, தெரியுமா?

1956 ஏப்ரல் 26! மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 கன்டெய்னர்களோடு புறப்பட்டது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிக்குப் பின்னால் லாரியாக நிற்கிறதே, அந்த வரிசையின் முதல் ஆள் அதுதான்! ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் கன்டெய்னர் ஏன் நசுங்குவதில்லை? மேலே இருக்கும் பெட்டிகளின் எடை தகரச் சுவரில் இறங்குவதே இல்லை! நான்கு மூலைத் தூண்கள் வழியாக நேராகக் கீழே போய்விடுகிறது!

இந்த ரகசியம் தெரிந்தால் பிளாஸ்டிக் கிரேட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்! மூலை தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இரண்டு கிரேட்டைப் படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, மூலைக்கு மூலை கேபிள் டை போட்டு இறுக்கி, மேல் கிரேட்டைக் கயிற்றால் சுவர்க் கொக்கியோடு கட்டிவிடுங்கள். பிள்ளைகள் அதில் ஏறுவார்கள். ஏறாத பிள்ளை இன்னும் பிறக்கவில்லை! காசிமேட்டு மீன் கிரேட் வேண்டாம், காய்கறி கிரேட் வாங்குங்கள். மத்தி வாசனை துண்டில் ஏறிவிட்டால் பள்ளிக்கூடம்வரை கூடவே போகும்!

கடலூர் உலகத்துக்குக் கொடுத்த குட்டி அலமாரி எது, தெரியுமா?

ஷாம்பு பாக்கெட்! பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு போடட்டும் என்று நினைத்த கடலூர் சின்னி கிருஷ்ணன் சிறு பாக்கெட் முறைக்கு வழிபோட்டவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் வெறும் 15,000 ரூபாயில் தொடங்கிய தொழில் 'சிக்' ஷாம்புவாகி, கெவின்கேர் நிறுவனமாக வளர்ந்தது! பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிறதே, அதைவிடச் சிறிய இடத்தில் ஷாம்புவை வைக்க யாரால் முடியும்? காலி பாக்கெட்டைத் தரையில் விட்டால் மட்டும் நேராகப் போய்ச் சாக்கடை வாயை அடைக்கும். சரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பாவையும் தொங்கவிடுங்கள்!

விண்வெளியில் பாத்ரூம் சாமான்களை எங்கே வைக்கிறார்கள், தெரியுமா?

சர்வதேச விண்வெளி நிலையத்தில் வழக்கமாக 7 பேர்! குளியலறையே கிடையாது! ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதுதான் குளியல்! பிரஷ், பேஸ்ட் எல்லாம் பையில், பை சுவரில், எதையாவது சும்மா விட்டால் பறந்துபோய்விடும் என்பதால் எங்கும் வெல்க்ரோ! அந்த வெல்க்ரோ எப்படி வந்தது? 1941-ல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் நடந்துவிட்டு வந்தபோது நாயின் முடியில் ஒட்டிய முள்விதைகளை நுண்ணோக்கியில் பார்த்தார்! நம் வேட்டியில் நாயுருவி ஒட்டும்போது நாம் திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டோம். அவர் காப்புரிமை வாங்கிவிட்டார்!

8 நொடியில் கழிப்பறையில் என்ன நடக்கிறது, தெரியுமா?

மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்! 2022-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகப் பொறியாளர்கள், பொதுக் கட்டடங்களில் வைக்கும் மூடியில்லாத கழிப்பறைத் தொட்டியில் பச்சை லேசர் ஒளியைப் பாய்ச்சி ஃபிளஷ் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சீறி எழுந்தன! 8 நொடியில் ஒன்றரை மீட்டர் உயரம்! ஐந்து வயதுப் பிள்ளையின் தலைக்கும் மேலே!

இப்போது பிரஷ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்! ஃபிளஷ் தொட்டிக்கு மேலேயா? உடனே எடுத்துவிடுங்கள்! பிரஷ்ஷுக்கு நல்ல இடம் பாத்ரூமுக்கு வெளியே, கதவோரச் சுவர். கொட்டாங்குச்சி ஒன்று போதும்! தேங்காய்க்கு மூணு கண். அதில் ஒன்று மென்மையானது. அதைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டால் தண்ணீர் வடிகிற பிரஷ் குடுவை தயார்! அதே கொட்டாங்குச்சியைப் படுக்கவைத்தால் சோப்புக் கிண்ணம்! தண்ணீரில் ஊறாத சோப்பு எத்தனை நாள் கூடுதலாக வருகிறது என்று நீங்களே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்!

எந்த உயரத்தில் யாருடைய பொருள், தெரியுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் 3 வயதில் 96 சென்டிமீட்டர், 5 வயதில் 110, 10 வயதில் 138! ஒரே கொக்கி வரிசை எப்படி மூவருக்கும் பொருந்தும்? சுவரில் மூணு பிள்ளைகளையும் நிறுத்தி, அவரவர் நெஞ்சு உயரத்தில் பென்சில் கோடு போட்டுக் கொக்கி அடியுங்கள். "எம்மா, துண்டு எட்டல!" என்ற சத்தம் பாதியாகக் குறையும்!

எல்லோருக்கும் எட்டாத உயரமும் ஒன்று வேண்டும்! ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட்! இதில் கடைசி இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் என்ன வரும், தெரியுமா? குளோரின் வாயு! 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு! காற்றோட்டமில்லாத 19 சதுர அடி அறையில் அதை நினைத்துப் பாருங்கள்! இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றிவைப்பது அதைவிட மோசம். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்!

பிளாஸ்டிக் வாளிக்குப் பின்னால் நோபல் பரிசு இருக்கிறது, தெரியுமா?

1953-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கெட்டி பாலித்தீனுக்கு வழிகண்டார். 1954-ல் இத்தாலியின் ஜூலியோ நத்தா பாலிபுரோப்பிலீனை உருவாக்கினார். 1963-ல் இருவருக்கும் சேர்த்து வேதியியல் நோபல்! தண்ணீர்க் குடம், வாளி, பெயின்ட் டப்பா எல்லாம் அந்தப் பரம்பரைதான்! கழுவிய பெயின்ட் வாளியின் பக்கவாட்டில் கைப்பிடி அகலத்துக்கு வெட்டிச் சுவரில் படுக்கவைத்தால் அழுக்குத்துணிக் கூடை!

ஆனால் நிமிர்ந்து நிற்கும் வாளியில் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள்! தவழும் குழந்தை மூழ்க எவ்வளவு தண்ணீர் வேண்டும், தெரியுமா? சில சென்டிமீட்டர் ஆழமே போதும்! குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். அதன் மேலேயே கப்பையும் கவிழ்த்தால் இடமும் மிச்சம்!

வாயால் பிடித்த கூடை பார்த்திருக்கிறீர்களா?

பழவேற்காடு ஏரிப் பக்கம் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பிடித்த இறாலை எங்கே போடுவது? பனையோலையில் பின்னிய பறி! அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டே நகர்வார்கள்! மூணாவது கை முளைத்ததுபோல! பனையோலைக் கூடைக்குப் பாத்ரூமில் ஒரே எதிரி ஓயாத ஈரம். ஷவர் தெறிக்காத மேல்மூலையில் மாட்டி, உலர்ந்த துண்டும் மாற்றுத்துணியும் மட்டும் போட்டால் பல காலம் உழைக்கும்!

பாத்ரூம் சண்டைக்கும் ஏரியில் மருந்து இருக்கிறது, தெரியுமா?

அலமாரி எல்லாம் கட்டியாயிற்று. ஆனால் ஏழு மணிக்கு முதலில் உள்ளே போவது யார்? அங்கேதான் அடிதடி! பழவேற்காட்டு மீனவர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்! நல்ல மீன் கிடைக்கும் இடம் கொஞ்சம், வலை போட நிற்பவர்கள் நிறைய. அதற்காக 'பாடு' என்று ஒரு முறை! இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு என்று சுற்றிச் சுற்றி வரும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடுகிறவர்கள் சீட்டுக் குலுக்கியே இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்! அதற்கு அரசாங்க விதிமுறையே உண்டு!

மூணு மிதவையை ஒரு கயிற்றில் கோத்துக் கதவில் மாட்டுங்கள். மேலே இருக்கும் நிறத்துக்காரர் இன்று முதல் ஆள்! குளித்துவிட்டு வெளியே வரும்போது தன் மிதவையைக் கழற்றிக் கடைசியில் கோத்துவிட வேண்டும். நாளைக்கு அடுத்த நிறம்! பெரியவள் ஏமாற்றப் பார்ப்பாள். கடைக்குட்டி விடமாட்டாள், தெரியுமா?